காரணம் எழுதும் கட்டம்

ஜூன் 30, திங்கள்

சங்கக் கூட்டத்தில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குச் செயலராகப் போட்டுவிட்டார்கள். போட்டியில்லை. யாருக்கும் வேண்டாத பதவிக்குப் போட்டி எப்படி வரும்? எட்டாவது தாண்டாத ஆளைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கிறீர்களே என்றேன். "படிச்சவுக மூணு பேரு இருந்து பாத்துட்டாக தவமணி. ஒரு வியாபாரி இருந்து பாக்கட்டும்" என்றார் தலைவர்.

மிளகாய் வத்தல் வியாபாரிகள் சங்கம் நடத்தும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, கட்டடமும் நிர்வாகமும் எங்களுடையது. போன வருடம் பத்தாம் வகுப்பில் எழுபத்தொரு பேர் எழுதி ஐம்பத்தெட்டுப் பேர்தான் தேறினார்கள். எதிர்ச்சாரி மெட்ரிக் பள்ளிக்காரன் நூற்றுக்கு நூறு என்று பேனர் கட்டியிருக்கிறான். அது நம் வாசலைப் பார்த்துத்தான் தொங்குகிறது. இந்த வருடம் நம் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது பத்தொன்பது பிள்ளைகள். இப்படியே போனால் ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அப்புறம் கட்டடத்தில் மூட்டை அடுக்க வேண்டியதுதான்.

இந்த டைரி சங்கம் ஜனவரியில் கொடுத்தது. ஆறு மாதம் காலியாகக் கிடந்தது. பள்ளி விஷயங்களை மட்டும் இதில் எழுதுவதாக உத்தேசம்.

ஜூலை 7, திங்கள்

காலை முழுக்கத் தலைமையாசிரியை எஸ்தர் ஜெபமணியோடு போனது. இன்னும் மூன்று வருடம் சர்வீஸ் இருக்கிறது. நேராகப் பேசுகிற மனுஷி.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் இருக்கிறதாம். வந்தது, வராதது, மார்க், உயரம், எடை, அப்பன் தொழில், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறதாம். "ஏத்திட்டு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"மூடி வச்சிருவோம் சார்."

"திரும்பிப் பாக்கிறதில்லையா?"

"மேல கேக்குறாங்க, ஏத்துறோம். திரும்பிப் பார்க்கணும்னு எனக்கு ஆசைதான். கிளாஸ் எடுக்குற நேரம் போக மூச்சு விடவே நேரமில்லை."

கிட்டங்கி நிறைய சரக்கை அடுக்கிவிட்டு எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வியாபாரம் செய்கிற மாதிரி இருந்தது எனக்கு. கம்ப்யூட்டர் வாத்தியார் பிரதீப்பைக் கூப்பிட்டு மூன்று வருடத்து விவரத்தையும் தாளில் எடுக்கச் சொன்னேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுத் தரும் ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். தேறுகிறவன் பச்சை. தேறாதவன் சிவப்பு. வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

வேலை செய்கிறது. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் கணக்கில் மட்டும் முக்கால்வாசிப் பிள்ளைகள் சிவப்பு. மற்ற பாடங்களில் அப்படியில்லை. வாத்தியாரைத் திட்டத்தான் போனேன். பார்த்தால் அந்த வகுப்புக்கு வாரம் முழுக்கக் கணக்கு கடைசி பீரியட். பசியும் தூக்கமுமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு என்ன ஏறும்? காலைக்கு மாற்றச் சொன்னேன். எஸ்தர் டீச்சர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். "இதுக்குத்தான் சார் இது" என்றார்.

இன்னொன்று, தாமதமாக வருகிறவர்கள். இன்று முதல் ஒன்பதேகாலுக்கு வாசல் கேட்டைப் பூட்ட உத்தரவு. அதற்குப் பிறகு வந்தால் பத்தே முக்கால் இடைவேளையில்தான் உள்ளே விட வேண்டும், அரை நாள் வரவில்லை என்று பதிய வேண்டும். டீச்சர் தயங்கினார். பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்களாம். "பஸ்ஸுக்காக ரயில் நிக்குமா டீச்சர்?" என்றேன்.

சாயங்காலம் என் வத்தல் கிட்டங்கியிலும் ஒரு உத்தரவு போட்டேன். மதராஸ் லோடு இனிமேல் காலை பத்து மணிக்குள் ஏறிவிட வேண்டும். மேஸ்திரி அய்யாத்துரை, காம்பு கிள்ளுகிற ஆள் போதாது என்று இழுத்தான். இருக்கிற ஆளை வைத்து முடி என்று சொல்லிவிட்டேன். ஒரே நாளில் இரண்டு இடத்தை ஒழுங்கு பண்ணினேன்.

ஆகஸ்டு 22, வெள்ளி

அமாவாசை, கிட்டங்கி விடுமுறை. காலையில் பள்ளிக்குப் போய்க் கேட்டருகே நின்றேன். ஒன்பதேகாலுக்குப் பிறகு வந்தது நாலே பேர். முன்பெல்லாம் நாற்பது பேர் வருவார்களாம். திருப்தி.

மனைவிக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கியாயிற்று.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலாண்டு மார்க் ஏற்றியாயிற்று. பத்தாம் வகுப்பு அறுபத்தெட்டுப் பேர். பச்சை நாற்பத்தொன்று. மஞ்சள் பதினாறு. சிவப்பு பதினொன்று.

அக்டோபர் 13, திங்கள்

வத்தலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவன் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு ஒரு கை மாதிரி எடுப்பான். அதில் வெளுத்தது நாலு கிடந்தால் போதும், மூட்டை மொத்தமும் வெளுத்த விலைதான். அதனால் வெளுத்ததை முதலிலேயே பொறுக்கித் தனியே போடுகிறோம். அது கெட்ட சரக்கில்லை. அதற்கும் வாங்குகிறவன் உண்டு. நல்லதோடு சேர்ந்து கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதை எஸ்தர் டீச்சரிடம் சொன்னேன். பதினொரு பேரின் பெற்றோரையும் கூப்பிட்டு, டிசி வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதச் சொல்லலாம் என்றேன். அதே பரீட்சை, அதே மார்க் ஷீட். நம் கணக்கில் மட்டும் வராது. பக்கத்து ஊர்களில் செய்கிறார்கள்.

டீச்சர் தாளைத் திருப்பி வைத்தார். "சார், சிவப்புன்னா இந்தப் பிள்ளைகிட்ட முதல்ல போங்கன்னு அர்த்தம். வெளிய தள்ளுங்கன்னு இல்ல."

"அஞ்சு மாசத்துல பதினோரு பேரையும் நீங்க தேத்திருவீங்களா?"

"ஏழு பேரைத் தேத்துவேன்."

"அப்ப நாலு பேரு போகும்ல? நூறு இல்லையே?"

"நூறு எதுக்கு சார்?"

எதிர்ப் பேனரைக் காட்டினேன். அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில் பத்துப் பேர்தான் சேர்ந்தால் இவர் எந்தப் பிள்ளையைத் தேற்றுவார்? பதினொரு பெற்றோருக்கும் ஆள் அனுப்பச் சொன்னேன்.

நவம்பர் 12, புதன்

பதினொரு பேரில் பத்துப் பெற்றோர் வந்து பேசி முடிந்தது. அழுதவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் சரி என்று போய்விட்டார்கள். ஜனங்களுக்கு நிதானமாகச் சொன்னால் புரிகிறது.

பதினோராவது பிள்ளை தானே வந்து நின்றாள். காளீஸ்வரி, கீழத்தெரு. ஒல்லி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை.

"அம்மா வரலையா?"

"மேலுக்குச் சொகமில்ல."

"அப்பா?"

"இல்ல."

"நாள்தவறாம காலைல ஒன்னக் காணோம். எங்க போற?"

பையைத் தோள் மாற்றிப் போட்டாள். தனித்தேர்வர் விஷயத்தை விளக்கினேன். தலையை ஆட்டினாள்.

"அது ஆகாது. பள்ளிக்கூடத்த விட்டு நின்னா நின்னதுதான். அப்புறம் யாரும் எழுதவிட மாட்டாக. பேர மட்டும் எடுத்துராதீக மொதலாளி. நான் பாஸாயிருவேன்."

"காலாண்டுல ரெண்டு பாடம் போச்சே?"

"ரெண்டும் காலைல நடக்குற பாடம். புஸ்தகத்த வச்சு நானே படிச்சுருவேன்."

கண் கலங்கியது. கையால் துடைக்கவில்லை. முகத்தைத் தோள்பட்டையில் தேய்த்துத் துடைத்தாள். வத்தல் தொட்ட கைக்காரர்கள் அப்படித்தான் துடைப்பார்கள். இந்த ஊரில் பாதி வீடு வத்தலை நம்பித்தானே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பார்க்கலாம் போ என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

வெள்ளிக்கிழமைக்குள் அரசுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் ஏற்ற வேண்டும். எஸ்தர் டீச்சர் ஒரு தாளோடு கடைக்கே வந்துவிட்டார். கடைக்கு அவர் வருவது இதுவே முதல் தடவை. நெடி தாங்காமல் நாலு தும்மல்.

"அந்தக் காளீஸ்வரி விவரத்தை நாள் நாளா எடுத்துப் பார்த்தேன் சார். ஜூலைக் கடைசியிலருந்து முதல் பீரியட்ல அவ இருந்தது மூணே நாள். ஜூலை 24, ஆகஸ்டு 22, நவம்பர் 20. அந்த மூணு நாளும் கேட் திறக்கும்போதே வந்து நிக்கிறா. எனக்கு உங்க நாள் கிழமையெல்லாம் தெரியாது. காலண்டரைப் பார்த்தா மூணும் அமாவாசை. ஏதாவது விரதமா சார்? அமாவாசை அன்னைக்கு மட்டும் பள்ளிக்கூடம் வர்றதுன்னு ஒரு வழக்கம் உண்டா?"

அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லை என்றேன்.

"அவகிட்ட கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறா. ஆனா ஏதோ ஒரே காரணம்தான். அது தெரிஞ்சுட்டா இந்தப் பிள்ளை சிவப்பே இல்ல சார். மத்தியானத்துல நடக்குற பாடத்துலல்லாம் எழுபதுக்கு மேல வாங்கியிருக்கா."

செப்டம்பர் அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. அக்டோபரில் தீபாவளி விடுமுறை. அதையும் கழித்தால் ஒரு அமாவாசைகூடத் தப்பவில்லை.

டீச்சர் போனபின் கிட்டங்கி வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். காம்பு கிள்ளுகிறவர்கள் முப்பத்திரண்டு பேர். பேச்சியம்மாள், கீழத்தெரு. ஜூலை முதல் ஒரு நாள் தவறவில்லை. அமாவாசை தவிர.

நவம்பர் 25, செவ்வாய்

அய்யாத்துரையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

"பேச்சியம்மா ஆடி மாசத்துக்கு முன்னாலயே படுத்துட்டா. நெஞ்சுச் சளி, எந்திரிக்க முடியல. அவ இடத்துக்குப் பிள்ள வருது. ஆறு மணிக்கு வந்து ஒக்காந்தா பெரியாளு ரெண்டு பேரு கிள்ளுறத ஒத்தையில கிள்ளிரும். கெட்டிக்காரி."

"பதினஞ்சு வயசுப் பிள்ளைய யாரக் கேட்டு ஒக்கார வச்ச?"

"நீங்கதான ஆளு கொறஞ்சாலும் லோடு ஏறணும்னீக? முன்னால ஒம்பதுக்கு விட்டுக்கிட்டிருந்தேன். ஓடிப் போய்ச் சேந்துரும். பத்து மணின்னு நீங்க சொன்ன பொறவு எப்பிடி விடுறது? மொதலாளிக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. கடைவீதியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிட்டங்கியில் யார் கிள்ளுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

இன்று மூன்று லோடு. ஒன்றுக்குத் தார்ப்பாய் கிழிசல்.

நவம்பர் 26, புதன்

டீச்சரைப் போய்ப் பார்த்தேன், பொதுவாக விசாரிக்கிற மாதிரி. வருகை குறைந்த பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்க வேண்டுமென்றால் என்ன நடைமுறை? காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதை நிரப்பினால்தான் பெயர் ஏறும். மேலே அதிகாரி பார்ப்பார். சந்தேகம் வந்தால் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரிப்பார்கள்.

"காய்ச்சல்னு போடுங்களேன்."

"அஞ்சு மாசம் காலைல மட்டும் வர்ற காய்ச்சலா சார்? நான் பொய் எழுத மாட்டேன். உண்மை தெரிஞ்சா உண்மையை எழுதுவேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் காரணம் கேட்க மாட்டார்கள். அந்தக் கட்டமே வராது.

இதை இப்படிப் பார்க்க வேண்டும். குழந்தைத் தொழிலாளி என்று ஒரு கேஸ் வந்தால் கிட்டங்கியைப் பூட்டி சீல் வைப்பார்கள். முப்பத்திரண்டு பெண்கள் வேலை இல்லாமல் நிற்பார்கள். சங்கப் பள்ளிச் செயலர் கிட்டங்கியில் சங்கப் பள்ளிப் பிள்ளை என்று பத்திரிகையில் போடுவான். எதிர்ப் பள்ளிக்காரன் அதையும் பேனர் கட்டுவான். ஒரு பிள்ளை அடுத்த வருடம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நவம்பர் 27, வியாழன்

டிசி விண்ணப்பத்தை அய்யாத்துரையிடம் கொடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பேச்சியம்மாள் கைநாட்டோடு வந்துவிட்டான். என்ன சொல்லி வாங்கினாய் என்று கேட்டேன்.

"பரீச்சைக்குன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? எந்திரிச்சு ஒக்காந்து கும்பிட்டுட்டுல்ல வச்சா."

நவம்பர் 28, வெள்ளி

தாய் கைநாட்டைப் பார்த்து டீச்சர் டிசியில் கையெழுத்திட்டார், பட்டியல் ஏறியது. ஐம்பத்தேழு பேர்.

டிசம்பர் 1, திங்கள்

கிட்டங்கியையும் சுத்தமாக்கிவிட்டேன். அந்தப் பிள்ளை இனி வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. பதிவேட்டில் பேச்சியம்மாள் பெயரை அடித்தாயிற்று. வேலையும் இல்லை, இனி வீட்டில் இருந்து நிம்மதியாகப் படிக்கலாம். யோசித்தால் அவளுக்கும் இது நல்லதுதான்.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை. பத்து மூட்டை நனைந்து போனது.

ஜனவரி 6, செவ்வாய்

எஸ்தர் டீச்சர் விடைத்தாள் கட்டு ஒன்றை என் மேசைமேல் வைத்தார்.

"டிசி குடுத்த மறுவாரத்துலருந்து காலை எட்டரைக்கு வந்து கடைசி பெஞ்சுல உட்காருறா சார். பேர் இல்லைன்னு சொல்லிட்டேன். சும்மா உட்காந்துக்கிறேன் டீச்சர்ங்கிறா. எனக்கு விரட்ட மனசு வரல. அரையாண்டும் எழுதுனா. திருத்திட்டேன்."

ஐந்து தாள். கூட்டல் என் தொழில், நானே கூட்டினேன். முன்னூற்றுப் பன்னிரண்டு. எந்தப் பாடத்திலும் ஐம்பதுக்குக் குறையவில்லை.

"பிரதீப் இதை ஏத்தப் பார்த்தான். பேர் இல்லாத பிள்ளைக்கு மார்க் போட அதுல இடம் இல்லையாம்." பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "விடுபட்ட பேரைச் சேர்க்க வர்ற திங்கக்கிழமை வரைக்கும் வாய்ப்பு இருக்கு. செயலர் கடிதம் வேணும். டிசி தவறுதலாக் கொடுத்துட்டோம், இன்ன காரணத்தால வருகை குறைஞ்சதுன்னு. டைப் அடிச்சுக் கொண்டாந்திருக்கேன். காரணத்தை மட்டும் விட்டு வச்சிருக்கேன்."

"ஏன் விட்டு வச்சீங்க?"

"அவ சொல்லிட்டா சார். நீங்க எழுதுவீங்கன்னு விட்டு வச்சேன்."

நான் டீச்சரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் கபடிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களே எழுதி அனுப்பலாமே?"

"அனுப்பலாம். செயலர் கையெழுத்து இல்லாம செல்லாது. புகாரா அனுப்புனா செல்லும். அனுப்புனா பள்ளிக்கூடம் இருக்குமான்னு தெரியல. அறுநூறு பிள்ளைங்க இருக்கு. நானும் நாலு நாளாத் தூங்கல சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வக்கீலிடம் கேட்டேன், வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி. "எழுத்துல குடுத்துட்டா அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது அண்ணாச்சி" என்றார்.

ஜனவரி 10, சனி

பொங்கல் சரக்கு. கடையில் நிற்க இடமில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை.

ஜனவரி 12, திங்கள்

டீச்சர் மூன்று தடவை போன் செய்தார். லோடு ஏறிக்கொண்டிருந்தது. எடுக்க முடியவில்லை.

ஜனவரி 14, புதன்

போகி. பழைய தாளையெல்லாம் எரித்தோம்.

மார்ச் 11, புதன்

பத்தாம் வகுப்புத் தேர்வு தொடங்கியது. செயலர் என்ற முறையில் வாசலில் நின்று பிள்ளைகளுக்குப் பேனாவும் மோரும் கொடுத்தேன். ஐம்பத்தேழு பேரும் வந்தார்கள். எஸ்தர் டீச்சர் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினார். என்னிடம் பேசுவதில்லை. வேலை விஷயம் இருந்தால் தாளில் எழுதி அனுப்புகிறார்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் நம் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. நெற்றி நிறைய விபூதி. மணி அடித்த பிறகும் உள்ளே வரவில்லை. வெயிலில் கண் கூசியது. யாரென்று தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஆங்கிலத் தேர்வு. பஸ் நிறுத்தத்தில் அதே பிள்ளை. நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

மே 20, புதன்

நூற்றுக்கு நூறு. ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தேழு.

சங்கத்தில் வெடி போட்டார்கள். எனக்கு மாலை, சால்வை. எதிர்ப் பள்ளி இந்தத் தடவை தொண்ணூற்றாறு. தலைவர் மைக்கில், "விவரத்தக் கையில வச்சு வேலை பாத்தா என்ன நடக்கும்னு தவமணி காட்டிட்டாரு" என்றார். மற்ற சங்கப் பள்ளிக்காரர்கள் வந்து நம் முறையைக் கற்றுக்கொண்டு போகப் போகிறார்களாம். எஸ்தர் டீச்சர் கூட்டத்துக்கு வரவில்லை. விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

டிசி வாங்கிய பதினொரு பேரில் தனித்தேர்வராக எழுதியது எத்தனை பேர் என்று பிரதீப்பிடம் விசாரித்தேன். இரண்டு பேர். அதில் அவள் பெயர் இல்லை.

மே 23, சனி

கீழத்தெருவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆரஞ்சுப் பழம் ஒரு கிலோ வாங்கிப் போனேன்.

பேச்சியம்மாள் கட்டிலில் கிடந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுத்துக்க படுத்துக்க. பிள்ள எங்க?"

"பரீச்ச முடிஞ்ச மறுவாரமே திருப்பூருக்குப் போயிட்டா மொதலாளி, மில்லுக்கு. மூணு வருசம் இருக்கணுமாம். அங்கயே தங்க எடமும் குடுக்கானாம். நல்ல மார்க்கு வந்தா மேல படிக்க வப்பாகளாமே, அப்பிடியா?"

பழப் பையைக் கட்டிலோரம் வைத்தேன்.

"அஞ்சு பரீச்சைக்கும் நான்தான் படுத்துக்கெடந்தபடியே விபூதி பூசி அனுப்புனேன். வந்து சொல்லுவா, லேசா இருந்துச்சும்மா, எல்லாம் எழுதிட்டேன்னு. ஒங்க புண்ணியம். அய்யாத்துர தாளக் கொண்டாந்தப்ப நான்தான கைநாட்டு வச்சுக் குடுத்தேன். ரிசல்ட்டு வந்துருச்சுன்னு தெருவுல பேசிக்கிட்டாக. எனக்குப் பாக்கத் தெரியாது. பாஸாயிட்டாளா மொதலாளி?"

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"பாஸ்" என்றேன்.

"எத்தன மார்க்கு?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். இருமல் வந்துவிட்டது. இருமலுக்கு நடுவிலேயே வாசலைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டீகளாடி? முன்னூத்திப் பன்னெண்டு. செக்ரட்டரி மொதலாளியே வீடு தேடி வந்து சொல்றாக."

கிளம்பும்போது, மார்க் ஷீட் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டாள். பிள்ளைக்கு அனுப்பி வைக்க வேண்டுமாம். மில்லில் காட்டினால் நல்ல வேலையில் போடுவார்களாம்.

ஜூன் பதினைந்து என்று வாயில் வந்த தேதியைச் சொன்னேன்.

ஜூன் 15, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம். ஆறாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். புதிய பத்தாம் வகுப்பின் பட்டியலைப் பிரதீப் கொண்டுவந்து வைத்தான். சிவப்பில் பதினான்கு பேர். அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னேன்.

கிட்டங்கிக்குக் கீழத்தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். இன்று ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.